"கஸ்டமரே முதல்"னு போர்டு மாட்டியாச்சு. எந்தக் கஸ்டமர்னு யாராவது சொல்லுங்க

கணபதிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கமுங்க. கோயமுத்தூர்ல ஒரு சின்ன வெட் கிரைண்டர் கம்பெனியில டிசைன் பக்கம் வேலை. கம்பெனி பேர் வேண்டாம், இந்தத் தொழில்ல பாதிப் பேர் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம்.

போன வருசம் எங்க ஓனர் ரெண்டு நாள் பயிற்சி ஒண்ணுக்குப் போயிட்டு வந்தாருங்க. வந்த மறுநாளே ஃபேக்டரி வாசல்ல "கஸ்டமரே முதல்"னு போர்டு. அடுத்த வாரம் சர்வே. டீலர் கடைகள்ல பாரம் வெச்சு, வர்றவங்ககிட்ட நிரப்பி வாங்கினோம். புது மாடல்ல என்ன வேணும்னு கேள்வி. பெரும்பாலும் ரெண்டே பதில்: டைமர் வேணும், பார்க்க அழகா இருக்கணும். சரின்னு டச் பட்டன், டைமர், செர்ரி கலர்னு ஒரு மாடல் போட்டோம். வரைஞ்சது நான்தான், அதனால பழியில எனக்கும் பங்கு உண்டு.

ஆறு மாசத்துல டீலர்ங்க புலம்ப ஆரம்பிச்சுட்டாங்க. மாவுக் கையோட தொட்டா பட்டன் எடுக்கறதில்ல. தொடைச்சிட்டுத் தொட்டா ரெண்டு தடவை எடுக்குது. டைமர் வெச்சு விட்டா உளுந்து பொங்கறதுக்கு முன்னாடியே நின்னுருது. உளுந்து பழசா புதுசான்னு டைமருக்கு எப்படிங்க தெரியும்?

அப்புறம் ஒரு நாள் பொள்ளாச்சியில பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்க இந்தப் புது மாடல்தான். வேலைக்கு வர்ற அக்கா மாவாட்டி முடிச்சு ட்ரம்மைக் கழுவறதை சும்மா பாத்துட்டு நின்னேன். கல்லோட சேந்த ட்ரம், வழவழன்னு ஸ்டீல், மேல மாவு, பிடிக்க ஒரு இடமில்ல. வயித்தோட அணைச்சுத் தூக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டா நடந்து பைப்படிக்குப் போறாங்க. நடுத்தண்டுக்குள்ள விரல் போகாது. ஒரு ஈர்க்குச்சியில துணியைச் சுத்தி உள்ள விட்டுத் திருகி எடுக்கறாங்க. அந்தக் குச்சிய ரப்பர் பேண்டு போட்டு கிரைண்டர்லயே கட்டி வெச்சிருக்காங்க. எங்க டப்பாவுல நாங்க கொடுத்த ஸ்கிரேப்பர் அலமாரியில கவர் பிரிக்காமக் கெடக்குது.

எங்க சர்வேயில பெரியப்பாவும் ஒரு பாரம் நிரப்பியிருந்தாருங்க. டைமர் வேணும்னு எழுதினதுல அவரும் ஒருத்தரு. அந்தக் கிரைண்டர் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டா அவருக்குச் சொல்லத் தெரியாது.

காசு கொடுக்கறவர் ஒருத்தர், கழுவறவங்க ஒருத்தங்க. யாரைக் கேட்டு நான் அடுத்த மாடலை வரையறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வேளச்சேரி_கோடர்

சாஃப்ட்வேர்லயும் இதே கதைதான் தலைவரே. பணம் கட்டுறது கம்பெனி நிர்வாகம், தினமும் எட்டு மணி நேரம் அதுல முட்டிக்கிறது ஒரு கிளார்க். டெமோவுல நிர்வாகத்துக்கு டேஷ்போர்டு காட்டி வித்துடுவோம். அந்த கிளார்க் ஒரு ரசீது போட ஏழு க்ளிக் பண்ணணும்.

ஆனா கேட்டதால ஜெயிச்ச கதையும் நம்ம ஊர்லயே இருக்கு. ஃப்ரெஷ்டெஸ்க், கம்பெனிங்க கஸ்டமர் புகாரைக் கவனிக்கிறதுக்கான சாஃப்ட்வேர். அதை ஆரம்பிச்ச கிரீஷ் மாத்ருபூதம் அப்ப ஜோஹோங்கிற சாஃப்ட்வேர் கம்பெனியில இருந்தார். அமெரிக்காவுலேருந்து சென்னைக்கு வீடு மாத்தினப்ப டிவி உடைஞ்சு வந்துது. இன்சூரன்ஸ் பணம் கேட்டு மாசக்கணக்கா மெயில், போன், ஒண்ணும் நடக்கலை. கடைசியில வெளிநாட்டுல குடியேறித் திரும்பினவங்க பேசிக்கிற ஒரு தளத்துல போய் எழுதினார். அடுத்து சாமானைக் கொண்டுவந்த கம்பெனியோட தலைவரே வந்து மன்னிப்புக் கேட்டார், பணம் வந்துடுச்சு. அந்தச் சமயத்துலதான், 2010ல, இதே மாதிரி சாஃப்ட்வேர் விக்கிற ஜென்டெஸ்க் கம்பெனி விலையை ஏத்தினாங்க. ஹேக்கர் நியூஸ்ங்கிற இணையதளத்துல ஜனங்க கொதிச்சுக்கிட்டிருந்தாங்க. அதுல ஒருத்தர், இப்ப யாராவது நியாயமான விலையில ஒண்ணு கொண்டுவந்தா நல்ல வாய்ப்புன்னு எழுதினதைப் படிச்சிட்டு இவர் கிளம்பிட்டார். 2021ல ஃப்ரெஷ்வொர்க்ஸ்ங்கிற பேர்ல அமெரிக்கப் பங்குச்சந்தை நாஸ்டாக்ல பட்டியல் ஆயாச்சு.

இதுல நான் கவனிக்கிறது, அவர் யாருக்கும் பாரம் கொடுக்கலை. கோபமா இருக்கிறவங்க எங்க பேசிக்கிறாங்களோ அங்க போய் படிச்சார். உங்க டீலர் கடையில பாரம் நிரப்புறவருக்கு என்னங்க கோபம்? அவர் புதுசு வாங்குற சந்தோஷத்துல இருக்கார்.

ரயிலடி

சும்மா ஜனங்களைக் கேட்டுட்டே இருந்தா ஒண்ணும் நடக்காதுங்க. ஹென்றி ஃபோர்டே சொன்னார்ல, ஜனங்களைக் கேட்டிருந்தா வேகமா ஓடுற குதிரை வேணும்னுதான் சொல்லியிருப்பாங்கன்னு.

சோமு_வாத்தியார்

> ஹென்றி ஃபோர்டே சொன்னார்ல

அவர் சொன்னதுக்கு ஆதாரமே இல்லை ஐயா. அவர் செத்துப் பல வருஷம் கழிச்சு அவர் வாயில வெச்ச வசனம். எல்லா மேனேஜ்மென்ட் வகுப்புலயும் முதல் ஸ்லைடு இதுதான்.

அப்படியே சொல்லியிருந்தாலும், "வேகமா போகணும்"ங்கிறது அந்தப் பதில்லயே இருக்கே. குதிரையைத் தள்ளிட்டு வேகத்தை எடுத்துக்கிறது டிசைன் பண்றவர் வேலை. கணபதிக்காரர் சர்வேயிலயும் அதேதான். "டைமர்"னு எழுதினவர் மனசுல என்ன இருந்திருக்கும்? மாவு ஓடுறப்ப பக்கத்துலயே நிக்க முடியலை, அடுத்த வேலை இருக்கு. அதுக்கு டைமர் ஒரு விடை, ஒரே விடை இல்லை.

கடலூர்_கிழக்கு

எங்க ஊரைச் சொல்லாம இந்தப் பேச்சு முடியாது. சிக் ஷாம்பு! சி.கே. ரங்கநாதன் 1983ல பதினஞ்சாயிரம் ரூபாயோட ஆரம்பிச்சது. பேரே அவங்க அப்பா சின்னி கிருஷ்ணனோட முதல் எழுத்துகள்ல வந்தது. பாக்கெட்ல அடைச்சு ஏழைக்கும் விக்கலாம்னு யோசிச்சவரும் அந்த அப்பாதான்.

கிராமத்துல ஷாம்பு போட்டா முடி கொட்டும்னு பயம். இவங்க போய்ப் பள்ளிக்கூடப் பசங்களை உக்கார வெச்சு, கூட்டத்துக்கு நடுவுல தலைக்கு ஊத்திக் காட்டினாங்க. அலசி முடிச்சதும் எல்லாரும் அந்தப் பையன் தலையைத் தொட்டுப் பாக்கலாம். எந்தக் கம்பெனி காலிப் பாக்கெட்டா இருந்தாலும் அஞ்சு கொண்டுவந்தா ஒரு சிக் இலவசம்னு ஒரு திட்டம். 1999ல ஐம்பது காசுக்கே பாக்கெட் வந்துடுச்சு.

பெரிய கம்பெனிங்க பாட்டில் வாங்குறவங்களை மட்டும் கஸ்டமர்னு எண்ணினாங்க. தினக்கூலிக்காரன் பாட்டில் வாங்க மாட்டான். அவனுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு தலைக்கு வேணும், அவ்வளவுதான்.

பாலக்கரை பாலு

அந்தப் பாக்கெட் எல்லாம் இப்ப எங்க தெரு சாக்கடையில அடைச்சுக்கிட்டு இருக்கு, அதையும் சேத்து எழுதுங்க. கஸ்டமர் முதல்னா முனிசிபாலிட்டி தூய்மைப் பணியாளர் கடைசியா?

கடலூர்_கிழக்கு

நியாயமான அடி. பதில் இல்லை என்கிட்ட.

திண்டுக்கல் சர்வீஸ் சென்டர்

எல்லாரும் வாங்குறவங்க, கழுவுறவங்கன்னு பேசுறீங்க. ரிப்பேர் பாக்குறவன் ஒருத்தன் இருக்கான்னு ஒருத்தருக்கும் நெனப்பு வரலை பாத்தீங்களா. நான் இருபத்திரண்டு வருஷமா மிக்சி, கிரைண்டர், குக்கர் பாக்குறேன்.

முதல்ல ஒரு பழைய கதை. சுமீத் மிக்சி எப்படி வந்துச்சு தெரியுமா? 1960கள்ல பம்பாய்ல ஒரு அம்மா வெளிநாட்டு பிரவுன் மிக்சி வெச்சிருந்தாங்க, மாதுரி மாத்தூர்னு பேரு. நம்ம ஊரு அரைப்புக்கு அது தாங்காம மோட்டார் போச்சு. இங்க அதுக்கு சர்வீஸ் கிடையாது. அவங்க வீட்டுக்காரர் சத்ய பிரகாஷ் மாத்தூர், சீமென்ஸ்ல இன்ஜினியர். அந்த அம்மா, நீங்களே ஒண்ணு செய்யுங்களேன்னு சொல்ல, அவர் மோட்டார் பவரைக் கூட்டி காய்ஞ்ச மஞ்சள், மிளகாய், ஊறின பருப்பு எல்லாம் அரைக்கிற மாதிரி செஞ்சார். பிரவுன் மிக்சி மட்டமான சாமான் இல்லை. அது செஞ்ச ஊர்ல யாரும் உளுந்து அரைக்கலை, அதான் விஷயம்.

அடுத்தது குக்கர். பிரெஸ்டீஜ் கம்பெனியை நடத்தின டி.டி. ஜகந்நாதன் பத்தி எல்லாரும் பெருமையா சொல்வாங்க, ஆனா விஷயத்தை விட்டுடுவாங்க. குக்கர் வெடிக்குதுன்னு புகார். கம்பெனிக் குக்கர்ல பழுது இல்லை. சேஃப்டி வால்வ் போச்சுன்னா ஜனங்க தெருமுனைக் கடையில போலி வால்வ் வாங்கி மாட்டிருவாங்க. நல்ல வால்வுல இருக்கிற உலோகம் சூடு எல்லை தாண்டினா உருகி ஆவியை விட்டுரும். போலி உருகாது, வெடிச்சிரும். "ஒரிஜினல் பார்ட்ஸ் மட்டும் வாங்கவும்"னு ஒரு சீட்டு ஒட்டிட்டு விட்டிருக்கலாம், இல்லையா? அவர் மூடி விளிம்புல ஒரு நீளத் துவாரம் வெச்சார். அழுத்தம் ஏறினா காஸ்கெட் அந்த வழியா வெளிய பிதுங்கி ஆவி போயிரும். எவ்வளவு போலி வால்வ் மாட்டினாலும் மூடி பறக்காது. இன்னைக்கு வர்ற ஏகப்பட்ட குக்கர்ல அந்தத் துவாரம் இருக்கு, உங்க வீட்டுலயே பாருங்க.

கஸ்டமர் தப்புப் பண்ணுவார், மெக்கானிக் போலி மாட்டுவார், காசு இல்லாதவன் மலிவுப் பார்ட் வாங்குவான்னு ஒத்துக்கிட்டு அதுக்கும் சேத்து டிசைன் பண்ணின ஆள் அவர். "யூசர் தப்பா யூஸ் பண்ணிட்டாங்க"ன்னு வாரண்டியை மறுக்குற கம்பெனிங்க கேக்கணும்.

இப்ப கணபதிக்காரருக்கு. தம்பி, என் கடையில ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய தேஞ்ச நைலான் புஷ் வெச்சிருக்கேன். குழவிக்கு நடுவுல இருக்குமே, அது. தேஞ்சா மாவுல கறுப்பாக் கோடு விழும். பாதிப் பேர் அது கல்லு கரையுதுன்னு பயந்து கிரைண்டரையே மாத்திருவாங்க. புஷ் நாப்பது ரூபா சாமான். இருபத்திரண்டு வருஷத்துல எந்தக் கம்பெனி ஆளும் வந்து அந்தப் பாட்டிலைப் பாத்ததில்லை. வர்றவங்க எல்லாம் இந்த மாசம் எத்தனை பீஸ் எடுப்பீங்கன்னு கேக்க வர்ற சேல்ஸ் ஆளுங்க.

மிச்சிகன்_முருகேசன்

சர்வீஸ் அண்ணன் சொன்னதுக்கு ஒரு லைக் பத்தாது.

நான் கார்த் தொழில்ல இருக்கேன். எங்க துறையில இதுக்குன்னு திரும்பத் திரும்பச் சொல்ற ஒரு கதை, டொயோட்டா சியன்னா. 2004 மாடலை வடிவமைக்கிற பொறுப்பு யூஜி யோகோயாவுக்கு. அமெரிக்கச் சந்தைக்கான மினிவேன், அவருக்கு அமெரிக்கா பழக்கமில்லை. அமெரிக்காவுல அம்பது மாநிலம், கனடா முழுசும், மெக்சிகோன்னு பழைய சியன்னாவையே ஓட்டிக்கிட்டுப் போனார். 53,000 மைல்.

மிசிசிப்பி ஆத்துப் பாலத்துல பக்கக் காத்து வண்டியைத் தள்ளுறதைக் கையில உணர்ந்தார். கனடாவுல சாலை நடுவுல மேடு அதிகம், வண்டி ஒரு பக்கமா இழுக்குது. ஒரு பழைய ஊரோட குறுகின தெருவுல திருப்ப முடியலை, அதனால திருப்பு வட்டத்தைக் குறைச்சார். ஜப்பான்ல வண்டி ஓட்டுறப்ப சாப்பிடுற வழக்கம் கம்மி. இங்க காருக்குள்ளயே குடும்பமே சாப்பிடும். புது வண்டியில பதினாலு கப் வைக்கிற இடம். நாலுக்கு எட்டு அடி பிளைவுட் பலகை படுக்க வெச்சா உள்ள போகணும்னு அளவு எடுத்தார், ஏன்னா இங்க சனிக்கிழமை ஆனா எல்லாரும் மரச்சாமான் கடைக்குப் போறாங்க.

இதுல ஒண்ணையாவது யாராவது சர்வே பாரத்துல எழுதுவாங்களா? "பாலத்துல காத்தடிக்குது"ன்னு?

எதிர்ப்பாட்டு

நல்ல கதைகளை மட்டும் எடுத்து அடுக்குறீங்க. நான் கெட்ட கதைகளைச் சொல்றேன்.

சோட்டுகூல். கோத்ரெஜ் கிராமத்துக்குன்னே செஞ்ச குட்டி ஃப்ரிட்ஜ். மகாராஷ்டிராவுல நூத்துக்கணக்கான கிராமத்துப் பெண்களைக் கூட்டி வெச்சு, கூடவே உக்காந்து வடிவமைச்சாங்க. கம்ப்ரஸர் இல்லை, பேட்டரியிலயும் ஓடும், குளிர் இறங்கிப் போகாம மேல திறக்குற மூடி, ஒருத்தரே தூக்கிடலாம், விலை மூவாயிரத்துச் சொச்சம். நீங்க சொல்ற எல்லாமே பண்ணியாச்சு. கிராமத்துல எதிர்பார்த்த மாதிரி போகலை. கடைசியில நகரத்துல கார்ல வெச்சுக்கிறவங்க, சின்னக் கடைக்காரங்கன்னு வேற ஆளுங்களுக்கு விக்க வேண்டியதாச்சு.

அடுத்து நானோ. மழையில ஒரு குடும்பமே ஸ்கூட்டர்ல போறதைப் பாத்து ரத்தன் டாடா யோசிச்சது. பாத்ததுல தப்பே இல்லை. 2008 ஜனவரியில ஒரு லட்ச ரூபாய் கார்னு உலகமே திரும்பிப் பாத்துச்சு. 2018ல தயாரிப்பு நின்னுபோச்சு. மலிவான கார்னு விளம்பரம் பண்ணினது தப்புன்னு டாடாவே பின்னாடி ஒத்துக்கிட்டார்.

கோக். 1985ல சுமார் ரெண்டு லட்சம் பேருக்கு ருசி காட்டிக் கேட்டுட்டுத்தான் புது ஃபார்முலா கொண்டுவந்தாங்க. 79 நாள்ல பழசைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாச்சு.

கேட்டாலும் தோக்கலாம், பாத்தாலும் தோக்கலாம், கூட உக்காந்து செஞ்சாலும் தோக்கலாம். அப்புறம் என்ன கஸ்டமர் முதல்?

சோமு_வாத்தியார்

நானோவுலயும் சோட்டுகூல்லயும் ஒரே இடம்தான் சறுக்கியிருக்கு. பொருளோட வேலையைப் பாத்தாங்க, அது வீட்டுல நிக்கிற நிலையைப் பாக்கலை. ஃப்ரிட்ஜ் நம்ம ஊர்ல சமையலறைச் சாமான்னு யார் சொன்னது? கூடத்துல டிவிக்குப் பக்கத்துல மேல பூ ஜாடி வெச்சு நிப்பாட்டியிருப்பாங்க, கதவுல துணிக் கவர் தொங்கும். வர்ற சம்பந்தி பாக்கணும். பிளாஸ்டிக் பெட்டி மாதிரி ஒண்ணை அங்க வைக்க முடியுமா? காரும் அப்படித்தான். ஸ்கூட்டர்லேருந்து இறங்கி முதல் கார் வாங்குறவனைப் பாத்து "இது ஏழைங்க கார்"னு சொன்னா அவன் கடன் வாங்கியாவது பழைய மாருதி வாங்குவான்.

கோக்ல கேட்ட கேள்வியே வேற. ரெண்டுல எது ருசின்னு கேட்டாங்க. பழசை நிறுத்திட்டா என்ன பண்ணுவீங்கன்னு சரியாக் கேக்கலை.

ஆக கணபதிக்காரரே, உங்க பெரியப்பாவை முழுசாத் தள்ளிடாதீங்க. செர்ரி கலர் வந்தது அவர் மாதிரி ஆளுங்களுக்காக. கடைக்கு வந்து காசை எண்ணி வைக்கிறதும் அவர்.

மாவுக்கை

இவ்வளவு நேரம் படிச்சிட்டு இருந்தேன். இந்த இழையில இதுவரைக்கும் கிரைண்டர் கழுவுற ஒரு ஆள்கூட எழுதலைங்கிறதைக் கவனிச்சீங்களா? நான் கழுவுறேன். வாரத்துக்கு ரெண்டு தடவை, பதினாறு வருஷமா.

வரிசையா எழுதத் தெரியாது, தோணுறபடி சொல்றேன். மிக்சி ஜார் அடியில பிளேடைச் சுத்தி ஒரு பள்ளம் இருக்கே, அது எதுக்கு? நாலு நாளைக்கு ஒரு தடவை ஊக்கால நோண்டி எடுக்கிறேன். மூடியில இருக்கிற ரப்பர் வளையம் கழட்டினா திரும்ப மாட்ட வராது, கழட்டாட்டி கறுப்புப் பூஞ்சை. வொயர் நீளம் எப்பவும் ஒரு சாண் பத்தாது. கிரைண்டர் அடியில நாலு ரப்பர் கால், அதுக்கு நடுவுல மாவு வழிஞ்சு போய் எறும்பு. வெள்ளைக் கலர்ல ஏன் செய்றீங்க? சமையலறையில வெள்ளை வெள்ளையா இருக்குமா?

எங்க வீட்டுல ஒரு கம்பெனி ஆள் வந்து "மேடம், எங்க தயாரிப்பு திருப்தியா?"ன்னு கேட்டார். அடுப்புல பால் இருந்துது. திருப்தின்னு சொல்லி அனுப்பிட்டேன். வீட்டுக்கு வந்தவரை நிக்க வெச்சுக் குறை சொல்வாங்களா? வேலைக்கு வர்ற அக்காகிட்ட அவங்க முதலாளியம்மா முன்னாடி கேட்டா அவங்க எப்படிச் சொல்வாங்க? "நல்லாத்தான் இருக்குங்க" அவ்வளவுதான் வரும். ஈர்க்குச்சியைப் பாத்தீங்க பாருங்க, அதுதான் அவங்க எழுதிக்கொடுத்த பாரம்.

வேளச்சேரி_கோடர்

கடைசி வரியை எங்க ஆபீஸ்ல ஒட்டப் போறேன். அனுமதி உண்டா?

மாவுக்கை

ஒட்டிக்கங்க. முதல்ல உங்க கிளார்க்குக்கு ஏழு க்ளிக்கை ரெண்டாக் குறைங்க.

உழவர்சந்தை_ரகு

டிவிஎஸ் எக்ஸ்எல் பத்தி யாருமே பேசலை? 1980ல டிவிஎஸ் 50னு ஆரம்பிச்ச வம்சம். எங்க சந்தைக்குக் காலையில வந்து பாருங்க. முன்னாடி கால் வைக்கிற எடத்துல ரெண்டு தக்காளிக் கூடை, பின்னாடி வெங்காய மூட்டை, அதுக்கு மேல ஒரு ஆள். ஜனங்க பின் சீட்டைக் கழட்டிக் கடாசிட்டுக் கட்டையைக் கட்டிக்கிட்டு ஓட்டினாங்க. இப்ப வர்ற எக்ஸ்எல் 100ல பின் சீட்டு கழட்டுற மாதிரியே வருது. கழட்டினா பலகை மாதிரி எடம். யார் யாரைப் பாத்துக் கத்துக்கிட்டாங்கன்னு எனக்குத் தெரியாது, ஆனா சந்தையில நின்னு பாத்த ஆள்தான் அப்படிச் செய்ய முடியும்.

நோக்கியா 1100ல டார்ச் வெச்சதும் இந்த ரகம்தான். கரண்டு போற ஊருக்குச் செஞ்ச போன், தூசி போகாத ரப்பர் கீபேடு. இருபத்தஞ்சு கோடிக்கு மேல வித்துச்சு.

கணபதிக்காரன்

எல்லாருக்கும் நன்றிங்க. மாவுக்கை அக்கா சொன்னதைப் படிச்சதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணலைங்க.

நேத்து ஓனர்கிட்டப் பேசினேன். இந்த இழையை அச்சு எடுத்துட்டுப் போனேன். குக்கர் கதை வரைக்கும் படிச்சாரு. "நாம என்ன பிரெஸ்டீஜா?"ன்னாரு. அப்புறம் ஹார்லிக்ஸ் பாட்டில்ல நின்னுட்டாரு. புஷ் தேய்மானம் பத்தி சேல்ஸ் டீம் ஒரு தடவைகூட சொன்னதில்லையான்னு கூப்பிட்டுக் கேட்டாரு, அவங்க என்னை முறைச்சாங்க. போர்டு அப்படியே இருக்கட்டும்னுட்டாரு. ஆனா மூணு விசயத்துக்குச் சம்மதம் வாங்கிட்டேன். டச் பட்டன் போய் பழைய திருகு சுவிட்ச் திரும்ப வருது. செர்ரி கலர் இருக்கட்டும், பெரியப்பாவுக்காக. ட்ரம்முக்கு ரெண்டு காது வைக்கப் போறோம், பிடிச்சுத் தூக்கற மாதிரி.

காதுலதான் இப்ப சிக்கல். ரிவெட் அடிக்கறதா, வெல்டிங்கான்னு முடிவு பண்ண முடியலை. ரிவெட் மலிவு.

திண்டுக்கல் சர்வீஸ் சென்டர்

ரிவெட் வேண்டாம். உள்பக்கம் அந்தக் குமிழைச் சுத்தி மாவு நின்னு புளிச்சுரும். ஆறு மாசத்துல ஆட்டம் வேற காணும். வெல்டிங்னா சூடுபட்ட எடத்தை நல்லா பாலீஷ் பண்ணணும், இல்லைன்னா அங்கதான் முதல்ல துரு பிடிக்கும். உங்க வெண்டர் அதை ஒழுங்காப் பண்ணுவாரா?

மாவுக்கை

காதே எதுக்கு? அண்டா விளிம்பை வெளிப்பக்கமா மடிச்சிருப்பாங்களே, அது மாதிரி ட்ரம் விளிம்பை மடிச்சு விடுங்க. விரல் மாட்டிக்கிட்டா போதும். காது வெச்சா அதையும் நான்தான் கழுவணும்.

கணபதிக்காரன்

இது எங்களுக்குத் தோணவே இல்லைங்க்கா. ட்ரம் தகட்டைச் சுழல விட்டு வளைக்கிற ஸ்பின்னிங்காரர்கிட்ட இப்பத்தான் போன்ல கேட்டேன், முடியும்ங்கறாரு. ரெண்டு மாதிரி ட்ரம் போடச் சொல்றேன், ஒண்ணு அரை இஞ்சு மடிப்பு, ஒண்ணு முக்கால்.

திண்டுக்கல் சர்வீஸ் சென்டர்

ரெண்டையும் இங்க அனுப்புங்க. கடைக்கு எதிர்ல இட்லிக்கடை, அங்க தினம் ரெண்டு தடவை அரைக்கிற அம்மாகிட்ட கொடுத்து ஒரு மாசம் கழுவச் சொல்றேன். கம்பெனி சாமான்னு சொல்ல மாட்டேன், சொன்னா நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. அந்தம்மாவுக்குக் கை சின்னது, அரை இஞ்சு உங்க விரலுக்கு அளந்ததா அவங்க விரலுக்கு அளந்ததான்னும் பாத்துக்கங்க. லாரி சர்வீஸ்ல டு-பே போட்டுருங்க, நான் இங்க கட்டி எடுத்துக்கிறேன்.